மாடி அறைக்கு எந்த அளவு ரயில்

நம் வயதுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புதுச்சேரியில் ஒரு வீட்டுக்குப் பிரான்சிலிருந்து ஆள் வந்தால் முதல் நாள் சந்தோஷம், இரண்டாம் நாள் பலகாரம், மூன்றாம் நாள் சந்தேகம். சும்மா வந்திருக்க மாட்டார் என்று அடுப்படியில் பேச்சு ஆரம்பித்துவிடும். பிரெஞ்சு ஆட்சி போனபோது அவரவர் விரும்பிய குடியுரிமையை எடுத்துக்கொண்டதால், கூடப் பிறந்தவர்களிலேயே ஒருவர் பிரெஞ்சுக்காரர், ஒருவர் இந்தியர் என்று இருந்த குடும்பங்கள் நம்முடையவை. கப்பல் ஏறிப் போனவருக்கு இங்கே ஒரு பங்கு இருக்கும். அதை அவர் மறந்திருப்பார் என்று போகாதவர் நம்பிக்கொண்டிருப்பார். எங்கள் தெருவில் இந்தச் சங்கடம் இல்லாத வீட்டை நான் பார்த்ததில்லை.

எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் ஓய்வு பெற்று வந்து இறங்கினார். நம் ஊர்ப் பேச்சில் சொல்தா. கல்யாணம் செய்துகொள்ளாதவர். கையில் ஒரு தோல் பெட்டி, ஒரு பச்சை இரும்புப் பெட்டி. தோல் பெட்டியைத் திறந்து எனக்குச் சாக்லேட்டும், அக்காவுக்கு ஸ்வெட்டரும், அம்மாவுக்குச் சென்ட்டும் கொடுத்தார். புதுச்சேரி வெயிலில் அக்கா அந்த ஸ்வெட்டரை என்ன செய்வாள் என்று அவர் யோசிக்கவில்லை. இரும்புப் பெட்டியைத் திறக்கவில்லை. அம்மா சென்ட்டை வாங்கிக்கொண்டு இரும்புப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீடு தாத்தா கட்டியது. இரண்டு மகன்களுக்கும் பொது, பிரிக்கவே இல்லை. கீழே நாங்கள் இருந்தோம். மாடியில் சிவப்பு சிமெண்டுத் தரை போட்ட பெரிய அறை ஒன்று மட்டும். அக்காவுக்கு ஒரு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். கல்யாணம் ஆனதும் பெண்ணும் மாப்பிள்ளையும் மாடியில் இருந்துகொள்ளலாம் என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் அம்மா வாக்குக் கொடுத்திருந்தாள். வீடு முழுக்க எங்களுடையது என்பது போன்ற குரலில் கொடுத்திருந்தாள். அந்த மாடி அறையில்தான் பெரியப்பா பெட்டிகளை வைத்தார்.

ஆகவே அம்மாவுக்கு ஒரே கேள்வி. இவர் போவாரா, இங்கேயே இருந்துவிடுவாரா? நேரில் கேட்க முடியாது. வந்தவரிடம் எப்போது கிளம்புகிறீர்கள் என்று கேட்டால் அந்த வீட்டுக்கே மரியாதை போய்விடும். அந்த மாதிரிக் காரியங்களுக்குத்தான் நம் வீடுகளில் பிள்ளைகளைப் பெற்று வைத்திருந்தார்கள். "மேல போயி இன்னா பண்றாருன்னு பாத்துட்டு வா" என்று ஒரு டம்ளர் காப்பியைக் கையில் கொடுத்து என்னை அனுப்புவாள்.

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. பெரியப்பா காப்பியை வாங்கிக்கொண்டு "மெர்சி" என்பார். பத்து வயதுப் பெண்ணுக்கு அதுவரை யாரும் நன்றி சொன்னதில்லை. கீழே வந்து அம்மாவிடம் சொன்னால், "காப்பிக்கு எதுக்கு நன்றி? நம்ம வீட்டு மனுஷன் இப்படியா பேசுவாரு?" என்று அதற்கும் முகத்தைச் சுளிப்பாள்.

வந்த வாரத்தின் கடைசியில் ஒரு நாள் பெரியப்பா சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு அம்மாவைப் பார்த்து, "உனக்கு சந்தோஷம்தானேம்மா?" என்று கேட்டார். அம்மா ஒன்றும் பிடிபடாமல் விழித்தாள். அப்பா அவசரமாகத் தண்ணீர் குடித்தார். "ஆமாம் மாமா" என்று அம்மா சொல்லிவைத்தாள். பிறகு நாள் கணக்கில் அந்தக் கேள்வியைப் போட்டுக் கடைந்தாள். எதற்குச் சந்தோஷம்? அவர் வந்ததற்கா? இனி இங்கேயே இருக்கப் போவதற்கா? அப்பாவைக் கேட்டால் "சும்மா கேட்டிருப்பாரு, விடு" என்றார். அப்பா எதையும் விடு என்றுதான் சொல்வார்.

என் ஒற்று வேலையில் கிடைத்த செய்திகள் அம்மாவின் சந்தேகத்தை வளர்த்தன. பெரியப்பா அறையின் நீள அகலத்தை அளந்தார். எந்தச் சுவரில் மழைக்காலத்தில் ஈரம் ஏறும் என்று கேட்டார். மாடி ஒழுகுமா, கடல்காற்றில் ஜன்னல் கம்பி எவ்வளவு நாளில் துருப்பிடிக்கும் என்று கேட்டார். நான் ஒன்று விடாமல் ஒப்பித்தேன்.

"ஒழுகுதான்னு யாரு கேப்பா? வாங்க வந்தவன் கேப்பான், இல்ல குடி வர்றவன் கேப்பான்" என்றாள் அம்மா.

எதிர்வீட்டு அம்மா அப்போது எங்கள் வீட்டில்தான் கறிவேப்பிலை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளுடைய கொழுந்தன் பிரான்சிலிருந்து வந்து பாதி வீட்டை எழுதி வாங்கிக்கொண்டு போனவன். அதனால் இந்த விஷயத்தில் அவள் சொல்லுக்குத் தெருவில் மதிப்பு உண்டு. "எடத்த குடுத்தா மடத்த புடுங்குவாங்க, பாத்துக்கோ" என்றாள்.

இரும்புப் பெட்டி ஒரு நாள் பிற்பகல் எனக்காகத் திறந்தது. உள்ளே துணியில் சுற்றி இரண்டு பொம்மை ரயில் சரக்குப் பெட்டிகள். ஒன்று என் உள்ளங்கை நீளம். இன்னொன்று விரல் நீளம். இரண்டும் ஒரே ரயிலின் பெட்டிகள், ஒரே மங்கிய செங்கல் நிறம், ஒரே எழுத்துகள். மோந்து பார்த்தேன். மெஷின் எண்ணெயும் கற்பூரமும் கலந்த வாசனை. அந்த வாசனையை அதற்குப் பிறகு எந்தக் கடையிலும் எந்த நாட்டிலும் நான் பிடிக்கவில்லை. இரும்புப் பெட்டியின் அடியில் இஞ்சின்களும், தண்டவாளத் துண்டுகளும், கட்டுக் கட்டாக ரயில் படம் போட்ட பிரெஞ்சுப் பத்திரிகைகளும் இருந்தன. பட்டாளத்துக் கொட்டகைகளில் இருந்த காலமெல்லாம் இவற்றைச் சேர்த்துக்கொண்டே வந்தாராம். வைக்க இடம் இல்லாததால் ஒரு தடவைகூட ரயிலை ஓட்டவில்லையாம்.

"நம்ம ஊரு ரயில் பண்ணப் போறேன்" என்றார். "ஆனா எந்த அளவுல பண்றதுன்னுதான் தெரியல."

அளவு என்றால் என்ன என்று கேட்டேன். உள்ளங்கைப் பெட்டியைக் காட்டி, "நெசத்துல எண்பத்தேழு அடி இருக்கறது இதுல ஒரு அடி" என்றார். விரல் பெட்டியைக் காட்டி, "இதுல நூத்தி அறுபது அடிதான் ஒரு அடி" என்றார். பெரிய அளவில் மனிதன் சுட்டுவிரலின் மேல் கணு உயரம் வருவான். கண், மூக்கு வரையலாம். ஆனால் இடத்தைத் தின்றுவிடும். ரயில் திரும்புவதற்கே அகலம் வேண்டும். சின்ன அளவில் மனிதன் சுண்டுவிரல் நகத்தளவுதான், முகம் தெரியாது. ஆனால் கொஞ்ச இடத்திலேயே புதுச்சேரி ஸ்டேஷனில் கிளப்பி, கரும்புக் கொல்லை, வாய்க்கால் பாலம் எல்லாம் தாண்டி வில்லியனூர் கோபுரம் வரைக்கும் கொண்டுபோய்விடலாம்.

"உனக்கு முகம் வேணுமா, ஊரு வேணுமா?" என்று கேட்டார்.

எனக்கு இரண்டும் வேண்டியிருந்தது. சொன்னேன். பெரியப்பா சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அம்மாவிடம் ஓடிவந்து பெட்டியில் ரயில் இருக்கிறது என்றேன். அவள் நம்பவில்லை. நம்பாதது என்னை அல்ல. தலை நரைத்த பட்டாளத்துக்காரர் பொம்மை ரயில் வைத்து விளையாட அத்தனை தூரம் கடந்து வருவார் என்பதை நம்பவில்லை. "கொழந்தைக்கு வெளையாட்டு காட்டி அறைய புடிக்கிறாரு" என்றாள். எனக்கு அழுகை வந்தது. அத்தனை அழகான சாமானைப் பார்த்துவிட்டு வந்தவளிடம் சொல்கிற பேச்சா அது?

அடுத்து வந்ததுதான் பெரிய கூத்து. காகிதத்தில் போட்ட படம் அறையில் எப்படி உட்காரும் என்று பார்க்க, பெரியப்பா தரையிலேயே முழு அளவில் கோடு போட்டார். சாக்பீஸ் அந்தச் சிவப்புத் தரையில் நிற்கவில்லை. சுண்ணாம்புத் தூள் வாங்கி வந்தார். நூலின் ஒரு முனையை நான் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அவர் குனிந்து வட்டமாக நடந்தபடி தூளை வடியவிடுவார். பெரிய ரயிலைத்தான் வரைந்தார். சுவரை ஒட்டி அறையைச் சுற்றி வரும் பாதை, கதவோரம் ஸ்டேஷன், ஜன்னலுக்குக் கீழே பாலம், மூலையில் இஞ்சின் தண்ணீர் பிடிக்கும் தொட்டி. என் முழங்காலெல்லாம் வெள்ளை. அவர் உலாத்துவதற்குக் கடற்கரைக்குக் கிளம்பிப் போனார்.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு அம்மா எங்கள் மொட்டைமாடியில் வடகம் காயவைக்க வந்தாள். வந்தவள் அறைக்குள் எட்டிப்பார்த்தாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டாள்.

வீடு கட்டுகிறவர்கள் மண்ணில் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டுத்தான் அஸ்திவாரம் தோண்டுவார்கள். நம் கண்ணுக்கு வேறு எந்தச் சுண்ணாம்புக் கோடும் தெரியாது.

"சுவரு எழுப்பக் கோடு போட்டாச்சு" என்றாள் எதிர்வீட்டு அம்மா. "இது அடுப்படி. அந்த மூலையில தொட்டின்னு வேற எழுதியிருக்கு பாரு, குளிக்கற எடம். எங்க வீட்லயும் இப்படித்தான் ஆரம்பிச்சுது."

"ஏன் வளைவா போவுது?" என்று அம்மா கேட்டாள்.

"பிரெஞ்சுக்காரங்க வளைவாத்தான் கட்டுவாங்க."

நான் ரயில், ரயில் என்று கத்தினேன். என்னைக் கீழே போகச் சொன்னார்கள். அம்மா கிணற்றிலிருந்து தண்ணீர் சேந்தி மாடிக்குச் சுமந்துவந்து, தென்னந்துடைப்பத்தால் தரையைத் தேய்த்துக் கழுவினாள். சுண்ணாம்பு கலந்த வெள்ளைத் தண்ணீர் மாடிக் குழாய் வழியாகத் தெருவில் கொட்டியது.

பெரியப்பா வந்து ஈரத் தரையைப் பார்த்தார். வாசற்படியில் அப்படியே நின்றார்.

"எறும்பு மொய்ச்சுது மாமா. அதான் கழுவி உட்டேன்" என்றாள் அம்மா.

"பரவால்லம்மா" என்றார். அன்று அவர் காப்பி குடிக்கவில்லை.

எல்லாரையும் கேட்டு முடிவு செய்வது என்று அவர் அதற்குப் பிறகுதான் நினைத்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை. அக்கா தையல் வகுப்புக்குப் போயிருந்தாள். இட்லி சாப்பிட்டு முடித்ததும் பெரியப்பா மேசையைத் துடைத்துவிட்டு இரண்டு ரயில் பெட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அம்மா முதல் தடவையாக அவற்றைப் பார்த்தாள். ரயில் நிஜமாகவே இருக்கிறது என்பதில் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான் என்று நினைக்கிறேன்.

"சின்னதுன்னா ஒரே பலகை" என்றார் பெரியப்பா. "வேணாங்கறப்ப பீரோவுக்குப் பின்னாடி சாத்தி வெச்சுடலாம். கொஞ்ச நாள்ல முடிஞ்சிரும். பெருசுன்னா சுவரு சுத்திப் பலகை அடிக்கணும், ஆணி எறக்கணும். வருஷக் கணக்குல வேல இருக்கு. ஒருக்கா பண்ணிட்டா எடுத்து வெக்க முடியாது, ஒடைக்கத்தான் முடியும். உங்க வீடு. நீங்க ரெண்டு பேரும் சொல்லுங்க."

பெரியப்பா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். எஜமானியிடம் உத்தரவு கேட்கிறவர் மாதிரி கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பெருசெல்லாம் எதுக்கு மாமா, தூசி அடையும். சின்னதே போதும்" என்றாள் அம்மா.

அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டு, "ஆமாண்ணா, சின்னதுதான் அடக்கமா இருக்கும்" என்றார்.

"நீ சொல்லு" என்று என்னைக் கேட்டார்.

நான் பெரியது என்றேன். சொல்லி முடிப்பதற்குள் மேசைக்கடியில் அம்மாவின் குதிகால் என் பாதத்தில் இறங்கியது. நான் முகம் கோணியதைப் பெரியப்பா பார்த்துவிட்டார். கொஞ்ச நேரம் பெரிய பெட்டியின் சக்கரத்தைக் கட்டைவிரலால் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "சின்னதே வெச்சுக்கலாம்" என்று சொல்லி அதைத் துணியில் சுற்றினார்.

அன்று மத்தியானம் அம்மா அப்பாவிடம் குரலைத் தாழ்த்தி, "உங்க வீடு, உங்க வீடுங்கறாரே, இல்ல மாமா, உங்களுக்கும் சேத்துதான்னு நாம திருத்தறோமான்னு பாக்கறாரு. நான் மாட்டிக்கல" என்றாள். அப்பா வழக்கம்போல விடு என்றார்.

சின்னது என்று முடிவானதும் அம்மாவின் முகம் தெளிந்துவிட்டது. பலகை பீரோவுக்குப் பின்னால் போகும், ஆள் கிளம்புவார். இனி தாராளமாக இருக்கலாம். காப்பி வடிகட்டிய சக்கையைக் காயவைத்துப் பொட்டலமாக மாடிப்படியில் வைத்தாள். அதுதான் கொல்லை மண் ஆனது. மாவு சலிக்கும் சல்லடையில் செம்மண் சலித்ததற்குக்கூட ஒன்றும் சொல்லவில்லை. துடைப்பக் குச்சியில் பனைமரம், சாக்கு நாரில் கரும்பு, உடைந்த கண்ணாடியில் குளம். வில்லியனூர் கோபுரத்தைப் பெரியப்பா மஞ்சள் சோப்புக் கட்டியில் குடைந்தார். அந்தக் கோபுரத்தின் பக்கத்தில் குனிந்தால் குளித்துவிட்டு வந்தவர் வாசனை அடிக்கும். அந்தச் சில வாரங்களில் நான் பள்ளிக்கூடத்தில் என்ன படித்தேன் என்று கேட்டால் ஒன்றும் தெரியாது.

ஸ்டேஷனில் நிற்க தீக்குச்சியில் ஆட்களைச் செதுக்கினார். நகத்தளவு அப்பா, அம்மா, அக்கா, நான். முகம் இல்லை. புடவை நிறத்தை வைத்துத்தான் அம்மாவைக் கண்டுபிடிக்க வேண்டும்.

"நீங்க எங்க பெரியப்பா?" என்று கேட்டேன்.

"நான் ரயில்ல இருக்கேன்" என்றார்.

ஒரு சாயங்காலம் ரயிலை ஓட்டிக் காட்டினார். எல்லோரும் மாடிக்கு வந்தோம். இஞ்சின் தேனீ மாதிரி ரீங்காரம் செய்துகொண்டு கிளம்பி, கரும்புக்குள் மறைந்து, பாலத்தில் ஏறி வில்லியனூரில் நின்றது. எதிர்வீட்டு அம்மாகூட வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். "இத முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று என்னைத் திட்டினாள். அம்மா குனிந்து தன் தீக்குச்சி உருவத்தைத் தேடிப்பிடித்துப் பார்த்துவிட்டு, "மாம்பழக் கலர் புடவை. ஞாபகம் வெச்சிருக்காரே" என்றாள்.

அந்த மாதமே அவர் கிளம்பிவிட்டார். பிரான்சில் வயதான சொல்தாக்களுக்கு விடுதி இருக்கிறது, வெயில் உள்ள ஊர்தான், சௌகரியமாக இருக்கும் என்றார். "அடுத்த வருஷம் கட்டாயம் வரணும் மாமா" என்று அம்மா மனதாரச் சொன்னாள். ஆபத்து நீங்கியபின் வரும் உபசாரத்தில் பொய் இருக்காது. பெரியப்பா அவளைப் பார்த்துத் தலையசைத்தார். ரயிலை எனக்கென்று விட்டுவிட்டுப் போனார்.

சின்ன ரயில் அதிக நாள் தாங்கவில்லை. கடல்காற்றில் தண்டவாளம் துருவேறியது. சாக்கு நாரை எலி தின்றது. இஞ்சின் எந்தப் பரணில் தொலைந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. அக்காவின் மாப்பிள்ளைக்குக் காரைக்காலுக்கு மாற்றல் வந்து, கல்யாணம் முடிந்த கையோடு ஜோடி அங்கே போய்விட்டது. மாடி அறையில் யாரும் குடியிருக்கவில்லை. வெங்காயம் பரப்பினோம்.

நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது அந்த விடுதியிலேயே பெரியப்பா இறந்துபோன செய்தி வந்தது. எதிர்வீட்டில்தான் தொலைபேசி இருந்தது. அந்த அம்மாவே வந்து சொல்லிவிட்டு, கொஞ்சம் அழுதுவிட்டுப் போனாள். கூடத்தில் அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம்.

"நல்ல மனுஷன்தான்" என்றாள் அம்மா. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சற்று நேரம் கழித்து, பழைய குரலில், "அவரு பங்குக்கு இனிமே யாரு வந்து நிக்கப் போறாங்களோ. அங்க யாராச்சும் இல்லாமயா இருந்திருப்பாங்க?" என்றாள்.

"யாரும் வர மாட்டாங்க" என்றார் அப்பா.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவரு பங்குன்னு ஒண்ணும் இல்ல. எனக்கு எழுதிக் குடுத்துட்டாரு."

"எப்ப?"

"வந்தாரே, அந்த வாரமே. அதுக்குத்தான் வந்தேன்னாரு. ரெண்டு பொண்ணு இருக்கு ஒனக்கு, வெச்சுக்கோன்னாரு."

நான் மாடிப்படியைப் பார்த்தேன், அப்பாவைப் பார்த்தேன். என் வாழ்நாளில் அவரை அப்படி வெறுத்தது அந்த ஒரு நிமிஷம்தான்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றாள் அம்மா.

அப்பா தோள் துண்டை எடுத்து மடித்தார். "எழுதிக் குடுத்தவர கடைசி வரைக்கும் வெச்சுப் பாக்கணும். அதானே மொறை? சொல்லியிருந்தா நீ அவர இருக்கச் சொல்லியிருப்ப."

அது உண்மை. அம்மா எத்தனை சந்தேகப்பட்டாலும் முறை தவறாதவள். தெரிந்திருந்தால் சுவர் சுற்றிப் பலகை அடிக்க ஆசாரியை அவளே கூட்டிவந்திருப்பாள். கல்யாண ஜோடிக்கு வேறு இடம் பார்த்திருப்பாள். அப்பாவுக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது. அவர் யாரையும் சந்தேகப்படாத நல்லவர் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அந்த வேலையையும் அம்மாவின் தலையில் கட்டிவிட்டு அவர் சும்மா இருந்திருக்கிறார்.

அம்மா முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். அவள் கேட்கப் போவதை நான் கொஞ்சமும் எதிர்பார்க்கவில்லை.

"எனக்கு விஷயம் தெரியாதுங்கறது அவருக்காவது தெரியுமா?"

அப்பா தரையைப் பார்த்தார்.

"உங்கிட்ட சொல்லிட்டேன்னு சொன்னேன்" என்றார்.